வெள்ளை விழி

பந்து பட்டது கண்ணில்.
குமட்டியது வயிறு.
ஆகவே மூளையதிர்ச்சி என்று எழுதி
இரவெல்லாம் கவனியுங்கள் என்று
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அஸ்பெய்தியாவில்.

மறுநாள் மழையோடு டொனோஸ்தியா வந்தான்
பெஞாட், பதினொரு வயது.
தாடைவரை ஏற்றிய ஜிப்.
வாந்திக்கென்று மடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா.

கண்ணில் சிவப்பில்லை.
வீக்கமில்லை, கன்றலில்லை,
அடிபட்டதற்கு ஒரு மரியாதைக்காவது
கொஞ்சம் கலங்கியிருக்கலாம்.
சலவைக்குப் போய் வந்த மாதிரி
அத்தனை வெள்ளை.

தலையை ஆட்டாமல் மேலே பார், என்றாள் இட்சியார்.
வலது விழி கூரைக்குப் போயிற்று.
இடது விழி
போகவில்லை.
ரெண்டு விளக்கு, என்றான், ஒண்ணு மேலே ஒண்ணு.
சொல்லும்போதே உதடு வெளுத்தது.
விரலில் மாட்டிய கருவி
எண்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழுக்கு இறங்கியது.

கீழே பார். போதும். கீழே பார்.

நான் மயக்கம் கொடுக்கிறவள்.
கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்:
அதன் கயிற்றை எங்கே இழுத்தாலும்
இதயம் ஒரு நிமிடம் நின்று, என்ன என்று கேட்கும்.

ஸ்கேன் அறிக்கையில் முறிவு இல்லை.
இட்சியார் அறிக்கையை மூடிவிட்டுப் படத்தைத் திறந்தாள்.
கண்குழியின் தரை வெங்காயச் சருகு;
அதற்குக் கீழே, காற்று மட்டும் இருக்கவேண்டிய அறையில்,
ஓட்டு விளிம்பில் தொங்குமே மழைக்குப் பின்,
அப்படி ஒரு சொட்டு.
பெரியவர்களுக்கு உடையும், என்றாள்.
பிள்ளைகளுக்கு வளையும்.
வளைந்து திறந்து
தசையைக் கவ்விக்கொண்டு
ஒன்றும் நடக்காதது போல மூடிக்கொள்ளும்.
எலிப்பொறி.
இன்று எடுக்காவிட்டால் காயம் ஆறிவிடும்,
கண் ஏறாது.

நடைவழியில் அக்கா ஓயானா.
நேற்றுச் சுற்றிய பட்டி
இன்னும் வலது உள்ளங்கையில், அழுக்கேறி.
என்ன எடை அந்தப் பந்து, என்று கேட்டேன்.
தொண்ணூற்றாறு கிராம்.
யோசிக்கவே இல்லை அவள்.
முன்னால் நிற்கிறவன் திரும்பக்கூடாது, என்றாள்.
சுவரைத்தான் பார்க்கணும்.
அவன் திரும்பினான்,
நான் எப்படி அடிக்கிறேன்னு பார்க்க.

அதற்குச் சொல்ல
என்னிடம் மருந்து இல்லை.
படிவத்தில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து வாங்கினேன்.

இமையின் உள்பக்கமாகத்தான் நுழைந்தாள் இட்சியார்;
வெளியில் தழும்பு வராது.
கொக்கியால் தசையைத் தொட்டதும்
திரையில் மலைகள் தள்ளித் தள்ளி வந்தன.
முப்பத்தாறு.
விடு, என்றேன். விட்டாள்.
அட்ரோபின்.
ஐம்பது, அறுபத்தைந்து, இப்போது இழு.
மறுபடி முப்பத்தொன்பது.
விடு.
இரண்டு பேரும் அவனை நடுவில் வைத்து
வடம் இழுத்துக்கொண்டிருந்தோம்,
பாதி தூரம் கண், பாதி தூரம் நெஞ்சு.

மூன்றாம் முறை பொறி திறந்தது.
வெளியே வந்தது தசை, நாவல்பழ நிறத்தில்,
பிறகு மெல்ல மெல்ல
தன் சொந்தச் சிவப்புக்குத் திரும்பியது.
மலைகள் நெருங்கி நின்றன, யாரும் சொல்லாமல்.
இடுக்கியால் விழியோரம் பிடித்து உருட்டினாள்:
மேலே. கீழே. மேலே.
கதவுக்கு எண்ணெய் போட்டவள் ஆட்டிப் பார்ப்பது போல.
தரையில் ஒரு மெல்லிய தகடு,
எலும்பு வளர வளரக் கரைந்துபோவது.

விழித்ததும் தண்ணீர் கேட்டான்.
மூக்குச் சிந்தாதே, என்றேன், மூன்று வாரம்.
சிந்தினால் கன்னத்தில் காற்று ஏறும்.
அது அவனுக்குப் பிடித்திருந்தது;
எவ்வளவு ஏறும் என்று கேட்டான்.
இரண்டாய்த் தெரிவது கொஞ்ச நாள் இருக்கும்.
கன்னமும் மரத்துத்தான் இருக்கும், அது மெதுவாக வரும்,
வராமலும் போகலாம்.

கதவருகில் வந்து நின்றாள் ஓயானா.
ரெண்டு ஓயானா, என்றான்.
ஒண்ணே ஜாஸ்தி.

அவள் சிரிக்கவில்லை.
கையை வாயருகே கொண்டுபோய்
பட்டியின் நுனி எங்கே என்று
பல்லால் தேடத் தொடங்கினாள்.